முப்பதாயிரம் ரூபா ரேசரும் சலூன்காரரின் அரை பிளேட்டும்



கொஞ்ச நாட்களாக எமது ஊர்த் தம்பிமார் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் வீடியோக்களில் ஒரு சாமான் அடிக்கடி வருகிறது. முழுக்க ஸ்டீலில் செய்த, கையில் எடுத்தால் கனக்கிற, ஒரு பக்கத்தில் மட்டும் பிளேட் உள்ள ரேசர். விலையைக் கேட்டால் தலை சுற்றும். "கட்டாரில இருக்கிற மச்சானிட்ட சொல்லி எடுக்கவா சேர்?" என்று எம்மிடம் கேட்டவர்களே நாலைந்து பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். நீளமான பதிவுதான். காசு விஷயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்கிறோம். அந்த ரேசர் நன்றாகவே சவரம் செய்யும். அதில் பொய் இல்லை. ஆனால் அதை வாங்குவதா இல்லையா என்பதைக் கைப்பிடியைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். அதற்குள் போகும் பிளேட் எமது கடைத்தெருவில் கிடைக்குமா என்று பாருங்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று வீடியோக்காரர்கள் சொல்கிறார்கள். நியூயோர்க்கில் கேம்ப்ஃப் சகோதரர்கள் ஒற்றைப் பக்கப் பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை எடுத்தது 1880இல். அந்த பிளேட் தடிப்பானது, அடிக்கடி தீட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜில்லெட் மெல்லிய, இரண்டு பக்கமும் வெட்டுகிற, தேய்ந்தால் வீசிவிடுகிற பிளேட்டைக் கொண்டுவந்தார். 1903இல், விற்பனைக்கு வந்த முதல் வருடத்தில், 51 ரேசரும் 168 பிளேட்டும்தான் விற்றனவாம். காப்புரிமை 1921இல் முடிந்ததும் கைப்பிடியின் விலை இறங்கியது. இலாபம் பிளேட்டுக்குப் போனது. 1971இல் இரட்டை பிளேட், 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. இப்போது ஐந்தில் அலுத்துப்போய் மறுபடி ஒன்றுக்கே வந்திருக்கிறார்கள்.

ஒன்றுக்குத் திரும்பியதில் நியாயம் இருக்கிறது. கார்ட்ரிஜ் ரேசரில் முதல் பிளேட் முடியைக் கொஞ்சம் இழுக்கும், அது உள்ளே போவதற்குள் அடுத்தது வெட்டும். வெட்டிய முனை தோலுக்குக் கீழே போய்விடும். நேரான முடி உள்ளவருக்கு அது வழுவழுப்பு. சுருட்டை முடி உள்ளவருக்கு வினை. வளைந்து வளரும் முடி வெளியே வர முடியாமல் தோலுக்குள்ளேயே குத்தும். எம்மவர்களில் எத்தனை பேருக்குக் கழுத்தில் பருப்போல சிவந்த கட்டிகள், பிறகு கறுத்த தழும்புகள்! "சூடு" என்று சொல்லி இளநீர் குடிக்கிறார்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் கழுத்துக் கட்டிக்குக் காரணம் பெரும்பாலும் ரேசர். அப்படிப்பட்டவர்கள் ஒரே பிளேட் உள்ள எந்த ரேசருக்கு மாறினாலும் வித்தியாசம் தெரியும்.

"எந்த ரேசருக்கு மாறினாலும்" என்று எழுதியதைக் கவனியுங்கள். வாப்பாமார் காலத்தில் இருந்தே பெட்டிக்கடையில் கிடைக்கிற இரட்டைப் பக்க பிளேட் போடும் ரேசரும் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தால்தான் வெட்டுகிறது. அப்படியென்றால் விலை கூடியதில் மேலதிகமாக என்ன இருக்கிறது?

இரண்டு விஷயம் உண்மையாகவே இருக்கிறது. ஒன்று, விறைப்பு. சாதாரண பிளேட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு. இந்த ஒற்றைப் பக்க பிளேட்டுகளில் பல அதைப்போல இரண்டரை மடங்கு. தடிப்பான பிளேட் முரட்டு முடியில் பட்டதும் அதிராது. அடுத்தது, கோணம். சாதாரண ரேசரில் எந்தச் சரிவில் பிடிப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது; பழக ஒரு மாதம் போகும், அந்த மாதத்தில் இரத்தமும் போகும். அமெரிக்காவின் வன்பிளேட் போன்றவற்றில் தலை தானாக முகத்தோடு சேர்ந்து அசையும், கோணத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கை நடுங்குகிற பெரியவர்களுக்கு இது பெரிய வசதி.

நாமும் ஒன்றைப் பாவித்துப் பார்த்தோம். உறவினர் ஒருவர் அனுப்பியது, மூன்று மாதமாகக் கையில் இருக்கிறது. கம்பனியின் பெயர் வேண்டாம், இது விளம்பரமும் இல்லை, விளம்பரத்துக்கு மறுப்பும் இல்லை. இரண்டு நாள் முடியை ஒரே இழுப்பில் எடுத்தது, கழுத்து எரியவில்லை, இவ்வளவும் நாம் எதிர்பார்த்ததை விட நல்லது. பரீட்சை மேற்பார்வைக் காலத்தில் ஒரு வாரம் விட்ட முடியில் திணறியது, நுரை அடைத்துக்கொண்டு ஒவ்வொரு இழுப்புக்கும் கழுவ வேண்டியிருந்தது. மூக்குக்குக் கீழே தலை பெரிதாக இருப்பதால் இடம் போதாது. தாடி வைத்திருப்பவர் கன்னத்தில் ஓரம் எடுக்கும்போது கோடு தெரியாமல் தலை மறைக்கிறது. எமது பகுதிக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கூடியது, நுரையும் லேசில் வராது. துடைக்காமல் வைத்த இரண்டாம் நாளே ஸ்டீலில் வெள்ளைக் கறை. பிளேட் நாலு சவரம் வரை அருமை, ஐந்தாவது பரவாயில்லை, ஆறாவதுக்குப் பிறகு இழுக்கத் தொடங்கியது.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். கைப்பிடி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் பிளேட் தேயத்தான் செய்யும். முடி ஸ்டீலை விட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது, அது எப்படி பிளேட்டை மழுங்கடிக்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்நோக்கியின் கீழ் பார்த்து 2020இல் சயன்ஸ் சஞ்சிகையில் எழுதினார்கள். முடி சரிந்து வளைந்து பிளேட்டின் விளிம்பில் படும்போது, உருக்கின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் சிறு சிறு சில்லுகளாக உடைகிறதாம். கைப்பிடிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். விலைகள் கடைக்குக் கடை மாறும், ஆகவே கீழே உள்ளவை உதாரணத்துக்குத்தான். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே பாருங்கள். வாரம் மூன்று சவரம் என்றால் வருடத்துக்கு 156. ஒரு பிளேட் ஆறு சவரம் என்றால் 26 பிளேட். சாதாரண பிளேட் 50 ரூபா என்று வைத்தால் வருடம் 1,300 ரூபா. விசேட பிளேட் ஒரு டொலர், அதாவது 300 ரூபா என்று வைத்தால் 7,800 ரூபா. கார்ட்ரிஜ் ஒன்று 800 ரூபா, பத்துச் சவரம் வரும் என்றால் வருடம் 16, அதாவது 12,800 ரூபா. கைப்பிடி 100 டொலர், 30,000 ரூபா. புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி அது.

ஆக, இப்போது கார்ட்ரிஜ் வாங்குபவருக்கு வருடம் 5,000 ரூபா மிச்சமாகும். போட்ட முப்பதாயிரம் ஆறு வருடத்தில் திரும்பிவிடும். சாதாரண பிளேட் பாவிப்பவருக்கோ ஆயுள் முழுக்கப் பாவித்தாலும் திரும்பாது. "வாழ்நாள் முழுதும் உழைக்கும்" என்ற விளம்பரத்தில் இந்த இரண்டாவது கணக்கு வருவதில்லை.

அதற்கு மேல், விசேட பிளேட் எங்கிருந்து வரும்? வன்பிளேட்டுக்குப் போகும் பிளேட் ஜப்பானின் ஃபெதர் கம்பனியின் வகை. எமது கடைத்தெருவில் நாம் அதைக் கண்டதில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்லைனில் டொலர் கொடுத்து, தபால் செலவும் கொடுத்து எடுக்க வேண்டும், அல்லது லீவில் வருகிற மச்சானை எதிர்பார்த்திருக்க வேண்டும். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற எமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் ஜப்பான் பிளேட்டை யார் இறக்கியிருப்பார்?

அப்படியும் ஆசைப்படுகிறவருக்கு ஒரு வழி இருக்கிறது. எமது சலூன்காரர் தினமும் செய்வதைப் பாருங்கள். இரட்டைப் பக்க பிளேட்டைக் கடதாசியோடு சேர்த்தே மடித்து "டக்" என்று நீளவாக்கில் இரண்டாக உடைத்து, பாதியைக் கத்திப்பிடியில் செருகுகிறார். அதே பாதி பிளேட்டைப் போடுகிற ஒற்றைப் பக்க ரேசர்களும் விலை கூடிய வகையிலேயே இருக்கின்றன. அமெரிக்காவின் லீஃப் கம்பனி செய்யும் ட்விக் அப்படிப்பட்டது. தடிப்பான பிளேட்டின் விறைப்பு அதில் கிடைக்காது. ஆனால் பெட்டிக்கடை பிளேட் ஒன்று இரண்டாகிறது, நாளைக்கு அந்தக் கம்பனியே மூடிப்போனாலும் உங்கள் ரேசர் அநாதையாகாது. முப்பதாயிரம் போடத்தான் வேண்டும் என்றால் இந்த வகையில் போடுங்கள். முழு ஸ்டீலா, நாகக் கலவைக்கு மேலே குரோம் பூசியதா என்பதையும் கேட்டு வாங்குங்கள். பூச்சு கிளம்பினால் எமது கடற்கரை உப்புக் காற்றில் உள்ளே அரித்துவிடும்.

எம் கருத்தில், கழுத்துக் கட்டியால் அவதிப்படுகிற, கார்ட்ரிஜுக்கு ஏற்கெனவே காசு கொட்டுகிறவருக்கும், கை நடுங்குகிற பெரியவருக்கும் விலை கூடிய ரேசர் பொருந்தும். வாப்பாவுக்கு ஒன்று எடுத்துக் கொடுங்கள், பிளேட்டையும் ஒரு வருடத்துக்குச் சேர்த்து எடுங்கள். இப்போதுதான் மீசை அரும்பிய தம்பிமாருக்கு வேண்டவே வேண்டாம். ஒரு சாதாரண ரேசரும் ஒரு பக்கட் பிளேட்டும் போதும். குளித்த பிறகு சவரம் செய்யுங்கள், முடி நனைந்து மென்மையாக இருக்கும். முடி வளரும் திசையில் மட்டும் இழுங்கள், அழுத்தாதீர்கள். எம்மிடம் கேட்டு இப்படி மாறிய இரண்டு மாணவர்களின் கழுத்து ஒரு தவணைக்குள் தெளிந்ததை நாம் கண்ணால் பார்த்தோம்.

தாடி வைத்தவர், வைக்காதவர் எல்லோருக்கும் பிளேட் தேவைதான். நாற்பது நாளைத் தாண்டவிடக் கூடாது என்று நபிமொழி சொல்லும் முடிகளும் இருக்கின்றன அல்லவா. அதற்கு வேறு ரேசர் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அண்ணன் தம்பி என்றாலும் ஒருவரின் ரேசரை மற்றவர் தொட வேண்டாம். சலூனில் பிளேட்டைக் கண் முன்னால் உடைத்துப் போடச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈரல் அழற்சிக் கிருமி இரத்தத்தால் தொற்றுவது.

தேய்ந்த பிளேட்டைக் குப்பைப் பையில் போடாதீர்கள். நகர சபைச் சகோதரர்கள் அதைக் கையால்தான் அள்ளுகிறார்கள். பழைய பால்மா டின் ஒன்றின் மூடியில் சிறு வெட்டுப் போட்டு அதற்குள் போட்டு வாருங்கள். நிரம்பப் பல வருடம் எடுக்கும். நிரம்பியதும் மூடியை டேப்பால் இறுக்கி ஒட்டி, மேலே "பிளேட்" என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் கையிலே கொடுங்கள்.