இனாமாக வந்த கோழிக்குஞ்சு

நம் சர்க்கார் கிராமத்துப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை இனாமாகக் கொடுத்தது வாசகிகளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் கிடைத்தது. பெட்டியைத் திறந்ததும் என் மாமியார், "அம்மிணி, இனி முட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம் போ!" என்று பூரித்துப் போனார். நானும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். முட்டை விற்ற காசு என் கையில். யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம் பாருங்கள்!

கோழிகள் வளர்ந்து வந்த சமயம், பங்குனி வெயிலில் கணக்கு தப்பியது. ஒன்று தலையைத் தொங்கப் போட்டது. மறுநாள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல். இன்னொன்றுக்குக் கழுத்தே திருகிக்கொண்டது. மஞ்சள், சின்ன வெங்காயம் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். ஒரே வாரத்தில் நாலைந்து தவிர மற்றதெல்லாம் போய்விட்டன. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடும்போது மாமியார் என்னோடு பேசவே இல்லை.

இதுதான் ராணிக்கெட் நோய். நாம் வெள்ளைக் கழிச்சல் என்போம். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. முன்கூட்டியே ஊசி போட வேண்டும். மருந்தகத்தில் விசாரித்தபோது, "பிப்ரவரியில் முகாம் நடந்ததே, ஏம்மா கொண்டுவரலை?" என்றார்கள். நடந்தது வாஸ்தவம்தான். ஆனால் விடிந்ததும் மேயப் போகிற கோழியைப் பகலில் யார் துரத்திப் பிடிப்பது? குஞ்சு கொடுத்த அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

சத்துணவில் 1989-ல் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010 முதல் வாரம் ஐந்து போடுகிறார்கள். நல்ல காரியம். அதற்கு நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணைகள் இருக்கின்றன. அங்கே குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து, அப்புறம் கணக்காக ஊசி. கொல்லைக் கோழிக்கோ வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் அந்த இலவச முகாம்தான் கதி. குஞ்சுக்குச் செலவழிக்கிற சர்க்கார், முகாமை விடியற்காலையில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

அதுவரை நாம்தான் சூட்டிகையாக இருக்க வேண்டும். எட்டு வாரமான கோழிக்கு இறக்கையில் ஊசி போடுவார்கள். நோய்ப்பட்டதைக் கொண்டு போகாதீர்கள். முதல் நாள் இரவே பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டால் காலையில் அலைச்சல் இல்லை. இந்த வருஷம் எங்கள் வீட்டில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை வைத்துவிட்டுத்தான் மாமியார் படுக்கப் போனார்.