நண்பகலில் பிறந்த தெற்கு

திசைகள் இயற்கை தந்தவை. திசைப் பெயர்கள் மாந்தர் தந்தவை. ஆதலால் ஒரு திசைப் பெயரை ஆராயுங்கால், அத்திசையைக் காட்டிலும் அதற்குப் பெயரிட்டவர் நின்ற இடமே நமக்கு முதலில் புலப்படுகிறது. தெற்கைக் குறித்த இலத்தீன் சொற்களும் அவை ஐரோப்பிய மொழிகளில் பரவிய வரலாறும் இதற்குத் தக்க சான்றாகும்.

நாள்தோறும் நாம் வழங்கும் ஏ.எம்., பி.எம். என்னும் குறியீடுகளில் உள்ள 'எம்', 'மெரிதியெஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தாகும். நடு எனப் பொருள்படும் 'மெதியுஸ்', பகல் எனப் பொருள்படும் 'தியெஸ்' ஆகிய இரண்டும் இணைந்து பிறந்த இச்சொல், நண்பகலையும் தெற்கையும் ஒருங்கே உணர்த்தும். 'மெதிதியெஸ்' என்னும் இதன் பழைய வடிவத்தைப் பிரெனெஸ்தே நகரத்துச் சூரியக் கடிகாரம் ஒன்றில் தாம் கண்டதாகக் கி.மு. முதல் நூற்றாண்டு அறிஞர் வர்ரோ எழுதியுள்ளார்.

உரோம் நகரில் நண்பகல் ஞாயிறு ஆண்டு முழுவதும் தென்வானிலேயே நிற்கும். ஆகவே, நண்பகலும் தெற்கும் அம்மக்களுக்கு ஒன்றாயின. தமிழகத்திலோ மே, சூன் திங்கள்களில் நண்பகல் ஞாயிறு உச்சியைக் கடந்து வடபால் சாய்ந்திருக்கும். அச்சொல் இங்குப் பிறந்திருப்பின் அப்பொருள் அதற்கு வாய்த்திராது. கிழக்கு நோக்கி நின்றவர்க்குத் தெற்கு வலப்புறம் ஆதலின், வடமொழியின் 'தட்சிணம்' வலத்தையும் தெற்கையும் குறித்தது. அரபு நாட்டின் 'யமன்' என்னும் பெயரும் வலப்புறம் என்னும் பொருளடியாகப் பிறந்தது என்பர். பெயரிட்டவர் நின்ற நிலையே பெயராயிற்று.

உரோமப் பேரரசு மறைந்தபின் இச்சொல் பல மொழிகளில் கிளைத்தது. பிரான்சின் தென்பகுதி 'மிதி' எனவும், இத்தாலியின் தென்பகுதி 'மெத்சொஜோர்னோ' எனவும் பெயர் பெற்றன. இரண்டும் நண்பகல் என்றே பொருள்படும். ஆங்கிலத்தில் 'மெரிடியனல்', பிரெஞ்சில் 'மெரிதியொனால்', இத்தாலியத்தில் 'மெரிதியொனாலே' என அது உரிச்சொல்லாயிற்று. இங்கு ஒரு விந்தையைக் காண்கிறோம். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் தெற்குத் திசையைக் குறிக்க இன்று வழங்கும் 'சூத்', 'சுத்' என்பன பழைய ஆங்கிலத்தின் வழிவந்த சொற்கள். திசையைச் சுட்டும் பணியை வந்த சொல் பெரிதும் ஏற்றுக்கொள்ள, தாய்மொழிச் சொல் தென்னிலத்தோடும் அந்நில மக்களோடும் ஒட்டி நின்றது.

ஒட்டி நின்ற அச்சொல் மக்களுக்குச் சுமையாகவும் ஆயிற்று. 1861இல் இத்தாலி ஒரே நாடானபின், தெற்கின் வறுமை 'தென்னகச் சிக்கல்' எனப் பெயர் பெற்றது. அவ்வறுமைக்குத் தென்னாட்டாரின் பிறவிக் குறையே காரணம் என்னும் கருத்து வடக்கே பரப்பப்பட்டதைச் சார்தீனியாத் தீவில் பிறந்த சிந்தனையாளர் கிராம்சி 1926இல் எழுதிய கட்டுரையில் கண்டித்தார். 1950களிலும் 1960களிலும் பிழைப்புத் தேடித் தூரின் நகருக்குச் சென்ற தென்னாட்டுத் தொழிலாளர், 'மெரிதியொனாலேகளுக்கு வீடு வாடகைக்கு இல்லை' என்னும் அறிவிப்புகளைக் கண்டனர். நண்பகல் ஒளியில் பிறந்த சொல், வீட்டுக் கதவை அடைக்கும் தாழாயிற்று.

இகழப்பட்ட அத்தென்னகத்தின் பழம்பெருமையை நம் மாணவர் அறிதல் வேண்டும். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் அமர்ந்து, 1154இல் தம் புகழ்பெற்ற புவியியல் நூலை நிறைவு செய்தார் முசுலிம் அறிஞர் அல் இத்ரீசி. அந்நூலின் உலகப் படத்தில் தெற்கே மேலே உள்ளது. வடக்கு கீழே உள்ளது. மேல், கீழ் என்பன வரைபவரின் மரபே அன்றி நிலத்தின் இயல்பு அன்று என்பதை உணர்த்த இதனினும் சிறந்த பாடம் உண்டோ?

தென்காற்றைக் குறித்த 'அவுஸ்தெர்' என்னும் மற்றோர் இலத்தீன் சொல் ஒரு கண்டத்திற்கே பெயராயிற்று. கடலோடி மேத்யூ பிளிண்டர்ஸ் 1814இல் வெளிவந்த தம் நூலில் பரிந்துரைத்த 'ஆஸ்திரேலியா' என்னும் பெயரைப் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் 1824இல் ஏற்றது. 250க்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசி அங்கு வாழ்ந்த தொல்குடியினர்க்கு அம்மண் 'தெற்கு' அன்று. அது அவர்தம் தாயகம். சிட்னி நகரில் நண்பகல் ஞாயிறு நிற்பதோ வடவானில்!

சொல்லின் வேர் தூயதாயின் சொல்லும் தூயதே என வாதிடுவோர் உளர். அவ்வாதம் நமக்கு உடன்பாடு அன்று. வேரில் குற்றமில்லாச் சொல்லும் வழக்கில் நஞ்சாகக் கூடும். 'தெர்ரோனே' எனத் தென்னாட்டாரை இகழும் இத்தாலியச் சொல், நிலம் எனப் பொருள்படும் 'தெர்ரா' என்பதன் வழிவந்ததே. ஆகவே வேர்ச்சொல் கண்டதும் ஆய்வு முற்றியதாகக் கருதாது, அச்சொல்லை யார், யாரை நோக்கி, எந்நோக்கில் வழங்கினர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். அதுவே முழுமையான சொல்லாய்வு.

தமிழோ தெற்கிலிருந்து வரும் இளங்காற்றைத் 'தென்றல்' எனப் போற்றியது. முன்னோரைத் 'தென்புலத்தார்' என மதித்தது. இப்பெருமையைப் பேசும் நாம், பெயரைக் கேட்டதும் வீடில்லை எனக் கைவிரிப்போர் நம் ஊர்களிலும் உளர் என்பதை மறத்தல் ஆகாது. வடக்கே நம்மவரை 'மதராசி' என ஒரே பெயரில் அடக்கியபோது வருந்திய நாம், இங்குப் பிழைக்க வரும் வடபுலத்துத் தொழிலாளரைத் திசைப் பெயரால் இகழ்வதும் முறையன்று. மாணவச் செல்வங்களே! எத்திசையும் இறைவனுக்கு உரியது. திசையைச் சுட்டப் பிறந்த சொல்லால் மனிதரைச் சுடாதிருப்போம்.