மறைத்துவிட்டுத் தொடங்க வேண்டாம்

மருத்துவரின் அறைக்கு வெளியே நோயாளியை அமரச் செய்துவிட்டு உள்ளே வந்து, "அவருக்குத் தெரிய வேண்டாம், எங்களிடம் மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்கும் குடும்பத்தினரை எங்கள் ஆலோசனைப் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். அந்த வேண்டுகோளில் கபடம் ஏதும் இல்லை. நோயின் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே தந்தையோ தாயோ மனம் உடைந்துவிடுவார் என்ற அச்சமே அவ்வாறு கேட்கச் செய்கிறது. ஆயினும் மூளைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கும் வேளையில் உண்மையை மறைப்பது நோயாளிக்கு நன்மையைவிடத் தீமையையே மிகுதியாகச் செய்கிறது என்பது என் கருத்து.

முதற்காரணம், இச்சிகிச்சை மறைத்துச் செய்யக்கூடிய ஒன்றன்று. மூளைக் கட்டிகள் பலவகைப்படும். சிகிச்சையும் வகைக்கேற்ப மாறும். பெரியவர்களுக்கு வரும் கடுமையான வகையாகிய கிளியோபிளாஸ்டோமாவை எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சைக்குப் பின், வாரத்திற்கு ஐந்து நாளாக ஆறு வாரங்களில் 30 முறை கதிர்வீச்சு அளிப்பதும், அந்நாள்களில் டெமோசோலோமைடு என்னும் மருந்தை நாள்தோறும் உட்கொள்வதும் வழக்கம். பின்னர் சுமார் நான்கு வார இடைவெளி. அதன்பின் 28 நாளுக்கு ஒருமுறை ஐந்து நாள் என்ற கணக்கில் அம்மருந்து பொதுவாக ஆறு சுற்றுகள் தொடரும். 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின் வழியாக நிலைபெற்ற இம்முறையே இன்றும் அடிப்படையாக உள்ளது. "ஒரு சிறு சோதனை" என்று சொல்லி ஒருவரை முப்பது முறை அழைத்து வர இயலுமா?

சில காலத்திற்கு முன் ஒரு பெரியவர் கதிர்வீச்சுப் பிரிவுக்கு வந்தார். தலையில் இருந்தது நீர்க்கட்டி என்றும், அறுவை சிகிச்சையோடு அது தீர்ந்தது என்றும் பிள்ளைகள் அவரிடம் கூறியிருந்தனர். கதிர்வீச்சின்போது தலை அசையாதிருப்பதற்காக, சூடாக்கி இளக்கிய வலைப் பிளாஸ்டிக்கை முகத்தின்மீது படியவைத்து ஒரு முகக்கவசம் செய்வார்கள். அதை மேசையோடு பொருத்தியபோது, "கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, என் முகத்தை எதற்குப் பூட்டுகிறீர்கள்?" என்று கேட்டவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். அவருடைய அச்சம் நியாயமானது. கதிர் பாயும் சில நிமிடங்கள் அறையில் வேறு எவரும் இருக்க முடியாது. பணியாளர்கள் வெளியிலிருந்து கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டும் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டும் இருப்பார்கள். காரணம் அறிந்தவருக்கே அந்தத் தனிமையைப் பொறுத்துக்கொள்ளுதல் கடினம். அறியாதவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்துகளின் நிலையும் இதுவே. டெமோசோலோமைடு கேப்சூலை வெறும் வயிற்றில், உடைக்காமல், மெல்லாமல், தண்ணீருடன் விழுங்க வேண்டும். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை அதற்கு முன்னரே எடுத்துக்கொள்ள வேண்டும். மூளை வீக்கத்திற்குத் தரப்படும் டெக்சாமெத்தாசோனை உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும். அது பசியைக் கூட்டும், உறக்கத்தைக் கெடுக்கும், இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். ஆயினும் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துவது ஆபத்து. வலிப்பு மாத்திரை ஒருவேளைகூடத் தவறலாகாது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். தமக்கு என்ன நோய் என்று அறியாத ஒருவர், "எனக்குத்தான் குணமாகிவிட்டதே" என்று மாத்திரையை ஒதுக்கி வைத்தால் அவரைக் குறை கூற முடியாது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. வேறு பல புற்றுநோய்களில் நோயாளியின் சிந்தனையும் பேச்சும் நெடுங்காலம் தெளிவாகவே இருக்கும். மூளையில் வரும் நோயோ நினைவையும் சொல்லையும் முடிவெடுக்கும் ஆற்றலையும் தொடக்கூடும். "பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று நாம் ஒத்திவைக்கும் அந்த நாளில், கேட்டுப் புரிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லாமற்போகலாம். வங்கிக் கணக்கு, நிலப்பத்திரம், பிள்ளைகளின் படிப்பு, கொடுக்கல் வாங்கல், எவ்வளவு தூரம் சிகிச்சை வேண்டும் என்னும் விருப்பம் ஆகிய அனைத்தையும் அவர் வாயால் கேட்டறிய வேண்டிய காலம் சிகிச்சையின் தொடக்கமே.

"சொன்னால் தாங்கமாட்டார்" என்ற மறுப்பை நான் எளிதாகத் தள்ளவில்லை. சொல்லுதல் என்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவதன்று. "உங்களுக்கு என்ன உடம்பு என்று நினைக்கிறீர்கள்? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று முதலில் அவரிடமே கேளுங்கள். "நீயே பார்த்துக்கொள், எனக்கு விவரம் வேண்டாம்" என்று அவர் கூறினால் அதுவும் அவருடைய உரிமை, அதை மதிப்போம். அவரைக் கேளாமலே நாம் முடிவு செய்வதுதான் தவறு. எவ்வாறு தொடங்குவது என்று அறியாதவர்கள் மருத்துவரையோ செவிலியரையோ உடன் இருக்கச் சொல்லலாம்.

மறைப்பதில் இன்னொரு சுமையும் உண்டு. இரகசியத்தை அறிந்தவர் ஒருவரோ இருவரோ ஆகிவிடுவதால், அலைச்சல் முழுவதும் அவர்கள்மீதே விழுகிறது. வெளிப்படையாகப் பேசிய குடும்பத்தில் வேலைகளைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது. ஒருவர் குறிப்பேட்டில் மாத்திரை வேளைகளையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எழுதுவார். மற்றொருவர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்கான குடும்ப அட்டை, வருமானச் சான்று முதலியவற்றைத் திரட்டுவார். வெளியூரிலிருந்து வருவோர் மருத்துவமனையின் சான்றைக் காட்டி இரயில் கட்டணச் சலுகை பெறலாம். அது புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் உண்டு. இன்னொருவர் நாள்தோறும் துணையாக வரும் முறையை ஏற்பார். ஆறு வாரம் ஒருவரே விடுப்பு எடுத்தால் வேலையே பறிபோகலாம்.

முன்னர்க் குறிப்பிட்ட பெரியவரிடம் அன்று மாலையே மூத்த மகன் உண்மையைச் சொன்னார். தந்தை நெடுநேரம் பேசவில்லை. அழுதார் என்றும் மகன் கூறினார். இரண்டு நாள் கழித்துத் தாமாகவே வந்து மேசையில் படுத்தார். வீட்டு நாட்காட்டியில் முப்பது நாள்களைக் குறித்து வைத்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாராம். அந்த ஆறு வாரங்களுக்குள் பத்திரங்களை எடுத்துக் கொடுத்தார். தம்பியோடு இருந்த பழைய மனத்தாங்கலையும் பேசித் தீர்த்தார். சில மாதங்களில் அவருடைய பேச்சு குழறத் தொடங்கியது. சொல்ல வேண்டியவற்றை அதற்கு முன்பே சொல்லியிருந்தார்.

சிகிச்சையைத் தொடங்கவிருக்கும் குடும்பத்தினரிடம் ஒன்றே கேட்டுக்கொள்கிறேன். முகக்கவசம் செய்யும் நாளுக்கு முன்னதாக ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, அவரருகில் அமர்ந்து பேசுங்கள்.