ஒர்க்‌ஷீட்டுக்குச் சந்தா கட்டலாமா?

வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் என் மாணவர்கள் சிலர், "சார், மாதச் சந்தா கட்டி ஒர்க்‌ஷீட் வாங்கலாமா?" என்று கேட்கிறீர்கள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வேண்டாம் என்பேன்.

2022-இல் நம் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்தில் தடுமாறினால் அரும்பிலிருந்தே தொடங்குங்கள். அதில் வெட்கம் என்னப்பா!

வெளிநாட்டுத் தளங்களில் படம் பளபளவென்று இருக்கும். ஆனால் கணக்கில் டாலர் வரும். ல, ள, ழ பழக அங்கே போக முடியுமா? பென்னாகரம் சந்தையில் புளி எடை போடும் கணக்கை நீங்களே ஒரு தாளில் எழுதிவிடலாம்.

ஜெராக்ஸ் செலவும் செலவுதான். எல்லாப் பக்கத்தையும் பிரிண்ட் எடுக்காதீர்கள், பாதிக்குச் சிலேட்டே போதும்.

எட்டாம் வகுப்புக்கு மேல், பிள்ளை எழுதியதைத் திருத்தித் தரும் ஆள் இருந்தால் காசு கொடுங்கள். வெறும் தாளுக்குக் கொடுக்காதீர்கள். என்.ஐ.ஓ.எஸ். வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறவர்களுக்கு அதன் பாடநூல்களும் இணையத்தில் இலவசம். சேரக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள்.