ரயில்வே சட்டத்தில் பயணிக்கு இடம் எங்கே? எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ரயில்வே வாரியத்துக்கு உயிர் கொடுத்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்துக்குள் கொண்டுவரும் திருத்த மசோதா 2024 டிசம்பரில் மக்களவையிலும் 2025 மார்ச்சில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. கர்சன் காலத்துச் சட்டம் போனதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு கைக்கு வந்த வாய்ப்பு, இரண்டு சட்டப் புத்தகங்களைச் சேர்த்துத் தைத்ததோடு முடிந்துவிட்டது. வாரியத்தில் எத்தனை உறுப்பினர்கள், அவர்களுக்கு என்ன தகுதி, எத்தனை ஆண்டு பதவி என்பதையெல்லாம் மத்திய அரசே விதிகளில் எழுதிக்கொள்ளும். அந்த வாரியத்தின் முடிவை வெளியிலிருந்து ஒருவர் எங்கே போய்க் கேள்வி கேட்பது என்பதற்கு ஒரு வரிகூடச் சேர்க்கப்படவில்லை.

எங்கள் நிலைப்பாடு இதுதான். ரயில்வே அரசின் கையிலேயே இருக்க வேண்டும். ஆனால் கட்டணம், நிறுத்தம், விபத்து விசாரணை ஆகிய மூன்றிலும் ரயிலை ஓட்டுகிற அமைச்சகமே கடைசி வார்த்தையும் சொல்கிற நிலை மாற வேண்டும். அந்த மாற்றம் நாடாளுமன்றச் சட்டத்தில் வர வேண்டும். அமைச்சரவைத் தீர்மானமோ வாரியத்தின் சுற்றறிக்கையோ போதாது. அவை வந்த வழியிலேயே போய்விடுகின்றன.

கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30வது பிரிவு, பயணிகளுக்கும் சரக்குக்கும் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடம் கொடுக்கிறது. ஓர் உத்தரவு போதும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. காரணம் எழுத வேண்டியதும் இல்லை. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமுமாக இருந்த முதியோர் சலுகை 2020 மார்ச்சில் இப்படித்தான் நின்றது. கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. பாசஞ்சர் ரயில்கள் அதே காலத்தில் ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ என்று பெயர் மாறி, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச டிக்கெட் 30 ரூபாய் ஆனது. பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் மூன்று மடங்கு கொடுத்தார்கள். 2024 பிப்ரவரி கடைசியில் பழைய கட்டணம் திரும்பியது, அதுவும் ஓர் உத்தரவால்தான். ஏற்றியது சரியா, இறக்கியது சரியா என்பதல்ல எங்கள் பிரச்சினை. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஆண்டுகளில் அந்தப் பயணி மனுக்கொடுக்கச் சட்டப்படி ஒரு கதவும் இல்லை.

கதவு என்று ஒன்று இருந்ததாகச் சிலர் நினைவூட்டக்கூடும். 1949இலிருந்து ரயில்வே கட்டணத் தீர்ப்பாயம் சென்னையிலேயே இருந்தது. ஆனால் அது சரக்கு அனுப்புகிறவர்களுக்கான இடம். பயணிகள் கட்டணத்தை நிர்ணயிக்கும் விஷயத்தில் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை என்று சட்டத்தின் 37வது பிரிவே சொல்லிவிடுகிறது. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்தத் தீர்ப்பாயத்தையும் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தோடு இணைத்தது.

இத்தனைக்கும் இதே ஊரில், இதே தண்டவாளத் தொழிலில், வேறு மாதிரியும் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. சென்ட்ரலில் மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிப்பவருக்கு 1989ஆம் ஆண்டுச் சட்டம். சாலையைக் கடந்து படியிறங்கி மெட்ரோ ஏறுபவருக்கு 2002ஆம் ஆண்டு மெட்ரோ ரயில்வே சட்டம். அந்தச் சட்டத்தில் கட்டண நிர்ணயக் குழு என்று ஒன்று உண்டு. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ அதன் தலைவர்; மத்திய அரசின் சார்பில் ஒருவர், மாநில அரசின் சார்பில் ஒருவர் உறுப்பினர்கள். குழு சொல்வது நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும். மின்சாரத்தில் இன்னும் ஒரு படி மேலே. 2022இல் மின் கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. கட்டணம் உயரத்தான் செய்தது. ஆனால் விசைத்தறிக்காரரும் சிறுதொழில் நடத்துகிறவரும் மைக்கைப் பிடித்துக் கணக்குக் கேட்க முடிந்தது. அவர்கள் கேட்டது பதிவேட்டில் ஏறியது.

குழு அமைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. பெங்களூரு மெட்ரோவைப் பார்த்தவர்கள் அப்படி நம்பவும் முடியாது. 2025 பிப்ரவரியில் கட்டண நிர்ணயக் குழுவின் பரிந்துரைப்படிதான் அங்கே அதிகபட்சக் கட்டணம் 60இலிருந்து 90 ரூபாய்க்குப் போனது. குழுவின் அறிக்கை மக்கள் கண்ணில் பட ஏழு மாதம் ஆனது, அதற்கும் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. ஆகவே நாங்கள் கேட்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மூன்று நிபந்தனைகள் சட்டத்திலேயே இருக்க வேண்டும்: முன்மொழிவை முன்கூட்டியே வெளியிடுவது, மண்டலந்தோறும் அந்த மண்டலத்தின் மொழிகளில் பொது விசாரணை நடத்துவது, முடிவோடு காரணத்தையும் வெளியிடுவது.

இதில் கணக்குப் பரிசோதனையும் அடங்கும். சில ஆண்டுகளுக்கு முன் ரயில் டிக்கெட்டில் ஒரு வாசகம் அச்சிட ஆரம்பித்தார்கள்: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே உங்களிடமிருந்து வசூலிக்கிறது என்று. அன்ரிசர்வ்டு பெட்டியில் கழிவறைக் கதவோரம் நின்றுகொண்டு வருபவர் கையிலும் அந்த உபகாரச் சீட்டு இருந்தது. ஒரே தண்டவாளத்தில், ஒரே சிக்னலில், சரக்கு ரயிலும் பயணிகள் ரயிலும் ஓடுகின்றன. பராமரிப்புச் செலவில் எவ்வளவு யார் தலையில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் சதவீதம் அமையும். எழுதுவதும் ரயில்வே, அச்சிடுவதும் ரயில்வே. மானியம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்கைப் பொதுவில் வைத்து, வெளியார் ஒருவர் பார்க்கட்டும் என்கிறோம்.

ஒழுங்குமுறை ஆணையம் என்றதும் தொழிற்சங்கத் தோழர்களுக்கு வரும் சந்தேகம் நியாயமானது. தனியார் ரயில்களுக்குத் தடம் போடத்தான் ஆணையம் வருகிறது என்கிறார்கள். பிபேக் தேப்ராய் குழு 2015இல் ஆணையத்தைப் பரிந்துரைத்தபோது, அதில் தனியாருக்கு வழிவிடும் நோக்கமும் சேர்ந்தே இருந்தது. நாங்கள் கேட்பது அதை அல்ல. தனியார் வந்தாலும் வராவிட்டாலும், பொதுத்துறையின் முடிவுகளைப் பொதுமக்கள் கேள்வி கேட்க இடம் வேண்டும். 1920இல் அமைக்கப்பட்ட அக்வொர்த் குழுவில் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் ஓர் உறுப்பினர். ரயில்வேயை அரசே நடத்த வேண்டும் என்ற யோசனையும், கட்டணத்துக்குத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்ற யோசனையும் அந்தக் குழுவின் அறிக்கையிலேயே உண்டு. 2017இல் மத்திய அமைச்சரவை ரயில் வளர்ச்சி ஆணையத்துக்கு ஒப்புதல் தந்தது. அதற்குச் சட்ட அடிப்படை தரப்படவில்லை. ஆணையம் காகிதத்தைத் தாண்டி வரவும் இல்லை.

பாதுகாப்பில் நிலைமை வேறு. இங்கே நல்ல சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, அரைகுறையாக. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் 1941இலிருந்து ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. இன்று விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். புதிய பாதையில் பயணிகள் ரயில் ஓட வேண்டுமானால் அவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஏற்பாட்டின் அருமை பாம்பனில் தெரிந்தது. 2024 நவம்பரில் புதிய பாலத்தைச் சோதித்த தென் வட்ட ஆணையர், வடிவமைப்புக்கு ஒப்புதல் வாங்கிய முறையிலேயே குறை இருப்பதாக எழுதினார். மேலெழும் தூக்குப் பகுதியில் வேகத்துக்கு வரம்பும் வைத்தார். அமைச்சகம் குழு போட்டு ஆராய்ந்தது. பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஆணையரின் கருத்து செய்தித்தாளில் வந்ததால்தான் ராமேசுவரம் போகிறவர்களுக்கு அது தெரிந்தது.

எல்லா அறிக்கைக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சரக்கு ரயில் மீது மோதி, 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆணையர் விசாரித்து அறிக்கை கொடுத்தார். சிபிஐ விசாரணை நடப்பதால் வெளியிட முடியாது என்றார்கள் ரயில்வே தரப்பில். குற்றவியல் விசாரணை குற்றவாளியைத் தேடுவது. ஆணையரின் விசாரணை அடுத்த விபத்தைத் தடுப்பது. முதலாவதற்காக இரண்டாவதைப் பூட்டி வைக்கக் கூடாது. விபத்து அறிக்கையை ஆறு மாதத்துக்குள் வெளியிட வேண்டும் என்றும், ஒவ்வொரு பரிந்துரையையும் ஏற்றார்களா, இல்லையென்றால் ஏன் என்று அமைச்சகம் நாடாளுமன்றத்தில் எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் சட்டத்தில் சேர்க்கக் கோருகிறோம். சட்ட அதிகாரமுள்ள தனிப் பாதுகாப்பு ஆணையம் வேண்டும் என்று அனில் ககோட்கர் குழு 2012இலேயே சொல்லியாயிற்று.

நிறுத்தங்களைப் பற்றிச் சுருக்கமாக. கோட்ட அளவிலான பயணிகள் ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்குப் போன எந்த உறுப்பினரையும் கேளுங்கள். உங்கள் கோரிக்கை இடப்பக்கம், நிர்வாகத்தின் பதில் வலப்பக்கம் என்று அச்சடித்த தாள் ஒன்று மேசையில் இருக்கும். ‘இயக்கரீதியில் சாத்தியமில்லை’, ‘வாரியத்தின் கொள்கை முடிவு’: பெரும்பாலான பதில்கள் இந்த இரண்டில் ஒன்று. டீயும் சமோசாவும் முடிந்ததும் கூட்டமும் முடியும். ஓர் எக்ஸ்பிரஸ் ரயில் ஒரு தாலுகா தலைநகரில் இரண்டு நிமிடம் நிற்க டெல்லியின் ஒப்புதல் வேண்டும். வந்தாலும் சோதனை அடிப்படையில்தான் வரும். தன் மண்டலத்துக்குள் நிறுத்தம் தரும் அதிகாரம் பொது மேலாளருக்குச் சட்டத்திலேயே தரப்பட வேண்டும். ஆலோசனைக் குழுக்கள் இன்று நிர்வாக உத்தரவில் பிறந்து நிர்வாக உத்தரவில் கலைகின்றன. அவற்றையும் சட்டத்துக்குள் கொண்டுவந்து, மறுப்புக்கு எழுத்தில் காரணம் தர வேண்டும், மறுப்பை எதிர்த்து ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம் என்று ஆக்க வேண்டும்.

இந்த அறிக்கையின் படியைத் தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் புதுச்சேரியின் இரு உறுப்பினர்களுக்கும், ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கும் அனுப்புகிறோம். 1989ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தனிநபர் திருத்த மசோதா கொண்டுவர முன்வரும் உறுப்பினருக்கு, பிரிவுவாரியான வரைவை எங்கள் சட்டக் குழு தயாரித்துத் தரும். எந்தக் கட்சி என்று பார்க்கமாட்டோம்.