போதும் என்று சொன்ன படகுக்காரர்

மாலத்தீவுக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் கடல்மேல் கட்டிய குடிலில் தங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மாஃபுஷி மாதிரி ஜனங்கள் குடியிருக்கும் தீவில் அறை எடுத்து, சாயங்காலம் உள்ளூர்க்காரர்களோடு தூண்டில் போடப் போங்கள் என்பேன். 2010-ஐ ஒட்டித்தான் இத்தகைய தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த வழி திறந்தது. அதுவரை சுற்றுலா விடுதிகளெல்லாம் ஆளில்லாத் தீவுகளில்தான்.

பொழுது சாயும் நேரத்தில் படகு கிளம்புகிறது. பவளப்பாறையின் விளிம்பில் நங்கூரம் போடுகிறார்கள். கம்பு, சக்கரம் எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் வளையத்தில் சுற்றிய தங்கூசி, ஒரு ஈயக்குண்டு, முள்ளில் குத்திய சூரைத் துண்டு, அவ்வளவுதான். ஈயம் தரையைத் தொட்டதும் கையில் கனம் குறையும். உடனே ஒரு முழம் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாறையில் மாட்டிக்கொள்ளும்.

எங்களைக் கூட்டிப்போனவர் நடுவயதுக்காரர். திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்கு வந்துபோனதில் கொஞ்சம் மலையாளம் பேசுவார். என் தங்கூசியைத் தன் ஆட்காட்டி விரல்மேல் வாங்கி வைத்துக்கொண்டார். வெடுக் வெடுக்கென்று இரண்டு இழுப்பு. பொடிமீன் கொத்துகிறது, விட்டுவிடு என்றார். கொஞ்ச நேரத்தில் விரலை அழுத்திக்கொண்டு மெதுவாக ஒரு கனம் நகர்ந்தது. இப்போது இழு என்று கண்ணைக் காட்டினார். விளைமீன்! கடலின் அடித்தளத்தை ஒரு விரலால் வாசிக்கிற அந்தப் படிப்பை எந்த எந்திரமும் தராது.

அடுத்து ஏறியது ஒரு களவா. வாய்க்கு வெளியே இரைப்பை பிதுங்கியிருந்தது. ஆழத்திலிருந்து விறுவிறுவென்று இழுக்கும்போது நீரின் அழுத்தம் குறைய, மீனின் உள்ளே இருக்கும் காற்றுப்பை ஊதிப்போய் இரைப்பையை வெளியே தள்ளிவிடும். இந்த நிலையில் அதைக் கடலில் விட்டாலும் கீழே இறங்க முடியாமல் மிதக்கும். அவர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு இது போதும் என்று நங்கூரத்தை எடுக்கச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு மணி நேரம் பாக்கியிருக்கிறதே என்று படகில் சிலருக்கு முகம் வாடியது. அவர் செய்ததுதான் சரி.

மாலத்தீவுக்காரர்களின் சாப்பாடு தலைமுறை தலைமுறையாகச் சூரைதான். உயிர் இரையை வீசிக் கூட்டத்தை வரவழைத்து, நீரைப் பீய்ச்சியடித்து, கம்புத் தூண்டிலால் ஒவ்வொரு மீனாகத் தூக்குகிறார்கள். இழுவலைபோல் கண்டதையும் வாரிக்கொண்டு வருகிற வேலை அதில் இல்லை. நம் தென்கோடிச் சமையலிலும் இலங்கைச் சமையலிலும் மணக்கிற மாசிக்கருவாடு அந்தச் சூரைதான். பாறை மீன்களை அவர்கள் பெரிதாகச் சீண்டியதில்லை. 1972-ல் முதல் சுற்றுலா விடுதி வந்தது. விருந்தாளிகளின் தட்டுக்குப் பாறை மீன் தேவைப்பட்டது. 1990-களில் களவா ஏற்றுமதியும் சேர்ந்துகொண்டது.

களவா நிதானமாக வளரும் மீன். பெரும்பாலான வகைகளில் முதலில் பெண்ணாக இருந்து, வளர்ந்த பிறகுதான் ஆணாக மாறும். பெரியதாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே போனால் பாறையில் ஆண் மீன் அருகிவிடும். குஞ்சுகளைப் பிடித்தால் அவை முட்டையிடும் பருவத்தையே எட்டாது. ஆக, சுற்றுலாப் பயணியின் தூண்டில் விழுவது இழப்பைத் தாங்க முடியாத மீன்கள்மேல்தான். அந்த நாட்டால் கட்டுப்பாடு போட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2010-ல் தன் கடல் முழுவதிலும் சுறா பிடிப்பதையே அது தடை செய்தது. தூண்டிலில் சுறா மாட்டினால் தங்கூசியை அறுத்துவிடுவதுதான் எங்கள் படகின் வழக்கம்.

தூண்டில் போடப் போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள், அந்தக் காசு தீவுக்காரர்களின் வீட்டுக்குப் போகிறது. பணம் கட்டும் முன் படகுக்காரரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். பிடித்ததை யார் சாப்பிடப் போகிறார்கள்? சின்ன மீன் வந்தால் என்ன செய்வீர்கள்? தெளிவாகப் பதில் சொல்கிற படகில் ஏறுங்கள். அவர் போதும் என்றால் தூண்டிலைச் சுருட்டிக்கொள்ளுங்கள்.