நெய்வேலி: நிலம் தந்தவருக்கு ஒப்பந்தக் கூலியா?

நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் கொடுக்கும் குடும்பங்களின் முன் வைக்கப்பட்ட மூன்று வழிகளும் ஊரறிந்தவை. ஒப்பந்த வேலை, இல்லையேல் மொத்தமாக ஒரு தொகை, இல்லையேல் மாதாமாதம் ஒரு தொகை. நிரந்தர வேலை என்ற பேச்சே இல்லை. இழப்பீடு உயர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தலைமுறைகளாகச் சோறு போட்ட நிலத்தைக் கொடுத்தவன் கேட்பது இன்னொரு நிலையான பிழைப்பை.

ஒப்பந்த வேலையின் லட்சணத்தைச் சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கன்வேயர் பெல்ட்டின் அடியில் சிந்திய கரியை மண்வெட்டியால் அள்ளுபவர் ஒப்பந்தக்காரரின் ஆள். அதே ஷிஃப்டில் அதே தூசியைச் சுவாசிக்கும் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட அவர் கூலி வராது. ஒப்பந்தம் கைமாறினால் வேலை இருக்குமா என்ற பயம் வேறு. ஆண்டுக்கணக்கில் உழைத்தபின், ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமான ‘சொசைட்டி’யிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனுவோடு நிற்கிறார்கள். சொசைட்டியில் சேர்ந்தவர்களோ பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அறுபது ஆண்டுகளாக இரவு பகலாகக் கரி வெட்டும் இடத்தில் எந்த வேலை தற்காலிகம்? ஆண்டு முழுக்க நடக்கும் பணிகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்யும் அதிகாரத்தை 1970-ஆம் ஆண்டுச் சட்டமே அரசுக்குக் கொடுத்தது. அதைக் கையிலெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

நிரந்தர வேலைக்குத் தகுதி போதாது என்கிறது சுரங்க நிறுவனம். அறுபது ஆண்டுகளில் சுற்று ஊர்ப் பிள்ளைகளைத் தகுதியாக்க விடாமல் தடுத்தது யார்? 2022-இல் ‘கேட்’ தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பொறியாளர்களைத் தேர்ந்தபோது, 299 பேர் பட்டியலில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எங்கே என்று மாவட்டமே கொதித்தது. பதில் சொன்ன விதத்தில் அக்கறையின் சுவடுகூட இல்லை.

நிறுவனத்துக்கு இந்த அலட்சியம் புதிதல்ல. 2020-இல் அதன் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே மாதம் கொதிகலன் வெடித்தது. பாடம் கற்றிருந்தால் ஜூலையில் மறுபடி வெடித்திருக்குமா? மாண்டவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெல்வயலில் இயந்திரங்களை இறக்கினார்கள். எப்போதோ கையகப்படுத்திய நிலமாம்! அறுவடை வரை பொறுக்க முடியாத அவசரம் என்ன? உயர் நீதிமன்றமே வேதனைப்பட்டது. பயிரை மதிக்காதவர்கள் பயிரிட்டவனை மதிப்பார்களா?

நிலம் கொடுத்த வீட்டுக்கு நிரந்தர வேலைக்கான வழியை மத்திய, மாநில அரசுகள் உட்கார்ந்து பேசிக் கண்டாக வேண்டும். அதற்கு முன் அளவுக்கல்லோடு இன்னொரு ஊருக்குள் நுழைய நிறுவனத்துக்கு எந்த உரிமையும் இல்லை.